வேதாந்த தேசிகர்: அடைக்கலத்தில் தளராத உள்ளம்

தமிழ்நாட்டில் தோன்றிப் பாரதமெங்கும் புகழ் பரப்பிய பெரியார்கள் பலர். அவர்களுள் ஸ்ரீ வேதாந்த தேசிகர் கவிஞராகவும், தருக்க வல்லுநராகவும், வைணவ ஆசாரியராகவும் போற்றப்படுகிறார். அவரது புலமையை விரித்துரைக்க இம்மலரின் பக்கங்கள் போதா. அதற்குத் தகுந்த அறிவும் நமக்கு இல்லை. அவர் பட்ட இன்னல்களையும், அவ்வின்னல்களின் நடுவே இறைவனிடம் அவர் வைத்த நம்பிக்கை குலையாது நின்ற வகையையும் மட்டும் அன்பர்களோடு சேர்ந்து நினைந்து பார்க்க விரும்புகிறோம்.

தில்லியில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்டதொரு தொடர்பும் உண்டு. நகரின் தென்பகுதியில், பெருங்கற்களால் எழுப்பப்பட்டுப் பாழடைந்து கிடக்கும் துக்ளகாபாத் கோட்டையை நம்மில் பலர் விடுமுறை நாட்களில் குழந்தைகளுக்குக் காட்டியிருப்போம். 1320 முதல் 1325 வரை ஆண்ட கியாசுத்தீன் துக்ளக் கட்டிய கோட்டை அது. அவருடைய மகன் உலூக் கான், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரோடு அரியணை ஏறியவர். அவர் 1323ஆம் ஆண்டில் தெற்கு நோக்கி நடத்திய படையெடுப்புத்தான் தேசிகரின் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. அங்கே எழுந்த ஆணை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் காவிரிக் கரையில் ஓர் ஆசிரியரை ஊரற்றவராக்கியது.

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புல் என்னும் சிற்றூரில், 1268ஆம் ஆண்டு, விபவ வருஷம் புரட்டாசித் திருவோணத்தன்று தேசிகர் பிறந்தார். தந்தையார் அனந்தசூரி, தாயார் தோதாரம்பை. பெற்றோர் இட்ட பெயர் வேங்கடநாதன். திருவேங்கடமுடையானின் திருமணியே குழந்தையாக வந்து பிறந்தது என்பது அடியார்களின் நம்பிக்கை. தாய்மாமனாகிய கிடாம்பி அப்புள்ளார் இவருக்குக் குருவாக வாய்த்தார்.

ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, மாமன் இவரை நடாதூர் அம்மாள் என்னும் பேராசிரியரின் பாடசாலைக்கு அழைத்துச் சென்றார். குழந்தையின் ஒளி பொருந்திய முகத்தைக் கண்டு பாடம் நின்றது. மீண்டும் தொடங்க முற்பட்டபோது விட்ட இடம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. சிறுவனே அதனை எடுத்துக் கொடுத்தான் என்பர். அம்மாள் மகிழ்ந்து ஆசி கூறினார். அதே அம்மாளிடம் பாடம் கேட்டு, இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு விரிந்த உரை எழுதிய மாணாக்கர் சுதர்சன சூரி. இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இவரைக் காண்போம்.

இருபது வயதுக்குள் சாத்திரங்களைக் கற்றுத் தேர்ந்த வேங்கடநாதர், திருவயிந்திரபுரம் சென்று அங்குள்ள ஔஷதகிரியில் கருடனையும் ஹயக்கிரீவரையும் உபாசித்தார். வடமொழியிலும் தமிழிலும் பிராகிருதத்திலும் அவ்வூர்ப் பெருமானைப் பாடினார். எல்லாக் கலையும் வல்லவர் என்று உலகம் சொல்வது உண்மையானால் ஒரு கிணறு கட்டிக் காட்டட்டும் என ஒரு கொத்தன் அறைகூவ, கோணல்மாணலான செங்கற்களைக் கொண்டே தம் கையால் கிணறு கட்டி முடித்தாராம். அக்கிணறு இன்றும் அவ்வூரில் காட்டப்படுகிறது.

இத்தனை புகழுக்கும் உரியவரின் இல்லம் வறுமையில் இருந்தது. நாள்தோறும் உஞ்சவிருத்தி செய்து, கிடைத்த அரிசியை மனைவியாரிடம் கொடுப்பார். அன்றைய உணவு அதுவே. மறுநாளைக்கென எடுத்து வைக்கும் வழக்கம் இல்லை. அவருக்கு உதவ விரும்பிய அன்பர் ஒருவர் அரிசியோடு பொன்மணிகளைக் கலந்து இட்டுவிட்டாராம். பொன்னைக் கண்டறியாத மனைவியார் இது யாதென வினவ, தேசிகர் அவற்றைப் புழுக்கள் என எண்ணித் தருப்பையால் தள்ளி எறிந்தார் என்று வரலாறு கூறுகிறது. விசயநகர அரசில் பெருஞ்செல்வாக்குடன் இருந்த வித்தியாரணியர், அரசவைக்கு வந்தால் வேண்டிய செல்வம் பெறலாம் என அழைத்தபோதும் அவர் செல்லவில்லை. மறுமொழியாக அவர் விடுத்த பாடல்களே வைராக்கிய பஞ்சகம் என வழங்குகின்றன. தமக்குத் தந்தை தேடிவைத்த சொத்து ஒன்றும் இல்லை, தாம் தேடியதும் ஒன்றும் இல்லை, காஞ்சியில் அத்திகிரிமேல் நிற்கும் பேரருளாளனே தம் குலச்செல்வம் என்பது அவற்றின் கருத்து.

வறுமையைக் காட்டிலும் வருத்தம் தருவது உடன் வாழ்வோரின் பகைமை. திருவரங்கத்துப் பெரியோர் அழைப்பை ஏற்று அங்குச் சென்று வாதப்போரில் வென்ற பின், அரங்கநாதனே வேதாந்தாசாரியர் என்னும் பட்டத்தை அருளினான் என்பது மரபு. ஆனால் புகழ் வளர்ந்த இடத்தில் பொறாமையும் வளர்ந்தது. இவரது வீட்டு வாயிலில் செருப்புகளைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டார் சிலர். வெளியே வந்தபோது தலையில் பட்ட அவற்றை, அடியார்களின் பாதுகைகள் எனக் கருதி ஏற்றுக்கொண்டார் தேசிகர். அரங்கனின் திருவடிநிலையைப் போற்றி ஓர் இரவில் ஆயிரம் பாடல் பாட இயலுமா என்று போட்டி எழுந்தபோது, விடிவதற்குள் பாதுகா சகசிரத்தின் ஆயிரத்தெட்டுச் சுலோகங்களையும் பாடி முடித்தார் என்பர்.

இவ்வாறு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஓய்வு தேடும் வயதில் பேரிடி விழுந்தது.

1311ஆம் ஆண்டிலேயே மாலிக் காபூரின் படை ஒருமுறை தெற்கே வந்து சென்றிருந்தது. 1323ஆம் ஆண்டுப் படை அதனினும் கொடிதாக வந்தது. படை அணுகுகிறது என்ற செய்தி எட்டியதும் திருவரங்கத்துப் பெரியோர் கூடி ஆலோசித்தனர். பள்ளிகொண்ட பெருமாளை எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே கருவறையின் முன் கற்சுவர் எழுப்பி மறைத்தனர். உற்சவ மூர்த்தியாகிய நம்பெருமாளைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு, முதியவரான பிள்ளை உலகாசிரியர் சில அன்பர்களுடன் தென்திசை சென்றார். தள்ளாத வயதில் காட்டு வழியே நடந்து சென்ற அப்பெரியார், மதுரைக்கு அருகேயுள்ள சோதிஷ்குடி என்னும் ஊரில் உயிர் நீத்தார். நம்பெருமாள் மட்டும் திருமாலிருஞ்சோலை, கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் தங்கியிருக்க வேண்டியதாயிற்று.

தேசிகர் ஊரிலேயே இருந்தார். அங்கே முதுமையின் எல்லையில் இருந்த சுதர்சன சூரி, அம்மாளிடம் கேட்டுத் தாம் எழுதிய சுருதப்பிரகாசிகை என்னும் உரைச் சுவடியையும், தம் இரு புதல்வர்களையும் தேசிகர் கையில் ஒப்புவித்தார். சற்றைக்கெல்லாம் படை நுழைந்தது. சூரியும் வேறு எண்ணற்ற அடியார்களும் மாண்டனர். பன்னீராயிரவர் தலை வீழ்ந்தது எனக் கோயிலொழுகு கூறும். தேசிகர் அச்சிறுவர்களையும் சுவடியையும் அணைத்துக்கொண்டு, பிணக்குவியலின் நடுவே பிணம்போல் ஓர் இரவு முழுதும் கிடந்தார். படை அகன்றபின் எழுந்து, சத்தியமங்கலத்தின் வழியாக மைசூர்ப் பகுதியிலுள்ள திருநாராயணபுரத்தை அடைந்தார். இரு நூற்றாண்டுகளுக்கு முன் இராமாநுசரும் அரசனது சினத்துக்குத் தப்பி அடைக்கலம் புகுந்த ஊர் அது.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணிப் பார்க்கலாம். பிள்ளை உலகாசிரியரையும் வேதாந்த தேசிகரையும் பிற்காலத்தார் தென்கலை, வடகலை என்னும் இரு மரபுகளின் தலைவர்களாகக் கொண்டு வழக்காடினர். ஆனால் ஆபத்து வந்த அன்று அவர்கள் இருவரும் ஒரே பணியைப் பங்கிட்டுக் கொண்டனர். ஒருவர் மூர்த்தியைக் காத்தார். ஒருவர் நூலைக் காத்தார். இறைவன் காப்பான் என்று நம்பியவர்கள் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் இங்கே விளங்குகிறது. சுவர் எழுப்ப வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பினார்கள். சுமக்க வேண்டியதைச் சுமந்தார்கள். பிணங்களிடையே கிடக்க வேண்டியிருந்தபோது கிடந்தார்கள்.

ஆயினும் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! நடுநிசியில் அந்தப் பிணக்குவியலில் கிடந்தவர் சாதாரண மனிதர் அல்லர். அடைக்கலம் புகுந்தோரை இறைவன் கைவிடான் என்று வாழ்நாள் முழுவதும் போதித்தவர். காஞ்சிப் பேரருளாளன்மேல் அடைக்கலப்பத்து என்று தமிழில் ஒரு நூலே பாடியவர். அவரைச் சுற்றி இறந்து கிடந்தவர்களும் அடைக்கலம் புகுந்தவர்களே. அப்படியானால் அரங்கன் சொன்ன சொல் என்னாயிற்று? இக்கேள்வி அன்று அங்கிருந்தோர் பலர் நெஞ்சிலும் எழுந்திருக்கும். நம் இல்லங்களில் ஒரு மரணமோ, தீராத நோயோ, வேலை இழப்போ நேரும்போதும் இதே கேள்வி வேறு வடிவில் எழத்தான் செய்கிறது.

தேசிகர் இக்கேள்வியை மூடி மறைக்கவில்லை. அதனை வேண்டுதலாக மாற்றினார். புறவாழ்வுக் காலத்தில் அவர் பாடிய அபீதிஸ்தவம், பெயராலேயே அச்சமின்மையை வேண்டும் துதி. அரங்கத்தைச் சூழ்ந்த அச்சம் நீங்க வேண்டும், பெருமான் தன் இடத்தில் மீண்டும் எழுந்தருள வேண்டும், அடியார்கள் முன்போல் அங்கு வாழவேண்டும் என்பதே அதன் கருத்து. தம் வீடு மீள வேண்டும் எனத் தமக்காக அவர் வேண்டவில்லை. அச்சம் இருக்கிறது என்பதை ஒளியாமல் இறைவனிடமே எடுத்துரைத்து, அதை நீக்க வல்லவன் அவன் ஒருவனே என்று அவனையே பற்றி நின்றார். நம்பிக்கை உடையவர் அழமாட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், அது தவறு என்பதற்கு இத்துதியே சான்று.

அத்துதிக்கு உடனே பயன் கிட்டியதா? கிட்டவில்லை. ஓராண்டு சென்றது; பத்தாண்டு சென்றது. 1335ஆம் ஆண்டையொட்டி மதுரையில் தனிச் சுல்தானியம் ஏற்பட்டது. 1336இல் துங்கபத்திரைக் கரையில் விசயநகர அரசு தோன்றியது. ஆனாலும் அதன் படை தமிழகத்தின் தென்கோடியை எட்டுவதற்கு மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று. அரங்கத்தில் சுவருக்குப் பின்னே பெருமாள். நம்பெருமாளோ நாடோடியாக ஊர் ஊராக. தேசிகரோ அறுபதைக் கடந்து, எழுபதைக் கடந்து, எண்பதையும் கடந்தார்.

இந்த நெடிய காத்திருப்பில் அவர் செய்தது என்ன என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். சுதர்சன சூரியின் புதல்வர்களைக் காத்தார். காப்பாற்றிய சுவடியைப் பூட்டி வைக்காமல் மாணாக்கர்க்குப் பாடம் சொன்னார். ஸ்ரீபாஷ்யம் கற்போர் இன்றும் சுருதப்பிரகாசிகையைத் துணைக்கொண்டு கற்கின்றனர் என்றால் அது அந்த ஓர் இரவின் பயன். தம் புதல்வர் நயினாராசாரியருக்கும் பிறருக்கும் மறைப்பொருளை உணர்த்தினார். தம் கொள்கை முழுவதையும் திரட்டி ரகசிய திரய சாரம் என்னும் பெருநூலை மணிப்பிரவாள நடையில் முதுமையில் இயற்றினார்.

அந்நூலில் அடைக்கலம் புகுதலுக்கு ஐந்து அங்கங்கள் கூறப்படுகின்றன. இறைவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்னும் உறுதி ஒன்று. உகவாததை விடுதல் ஒன்று. தனக்கு வேறு புகல் இல்லை என்னும் பணிவு ஒன்று. காப்பான் என்னும் அசையாத நம்பிக்கை ஒன்று. காக்க வேண்டும் என வாய்விட்டு வேண்டுதல் ஒன்று. இவற்றுள் நம்பிக்கையை மட்டும் வெறும் விசுவாசம் என்னாது மகாவிசுவாசம் என்று பெரிதுபடுத்திச் சொல்வது கவனிக்கத்தக்கது.

அது எளிதில் வாய்க்காது என்பதையும் தேசிகர் நன்கு அறிந்திருந்தார். எல்லாம் அறிந்த இறைவன் நம் குற்றங்களை அறியாமலா இருப்பான், அறிந்தும் ஏற்பானா? இத்தனை பெரியவன் இத்தனை சிறியவனைப் பொருட்படுத்துவானா? இவ்வளவு எளிய ஒரு செயலுக்கு இவ்வளவு பெரிய பயன் கிட்டுமா? இத்தகைய ஐயங்கள் மனத்தில் எழுவது இயற்கை என ஒப்புக்கொண்டே அவற்றுக்கு விடை தருகிறார். தாயாரின் பரிந்துரை நமக்கு உண்டு; இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவு இயல்பானது, அறுக்க முடியாதது; அவனது தயை நம் குற்றங்களினும் பெரிது. அந்தத் தயையையே ஒரு தாயாக உருவகித்துத் திருவேங்கடமுடையானைப் பாடிய நூல் தயாசதகம். ஆகவே, அவர் கூறும் நம்பிக்கை, ஐயமே தோன்றாதவரின் நம்பிக்கையன்று. ஐயத்துக்கு விடை கண்டு, அவ்விடையின்மேல் காலூன்றி நிற்பவரின் நம்பிக்கை அது.

இறுதியில் காலம் கனிந்தது. விசயநகர இளவரசர் குமார கம்பணர் தென்னாட்டுப் படையெடுப்பை மேற்கொண்டார். அவ்வெற்றியை அவர் தேவி கங்காதேவி மதுராவிசயம் என்னும் காவியமாகப் பாடினார். செஞ்சியில் இருந்த தலைவர் கோபணாரியர், திருமலையில் இருந்த நம்பெருமாளைச் செஞ்சிக்கு எழுந்தருளச் செய்து, பகை நீங்கிய பின் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். சகம் 1293, அதாவது 1371ஆம் ஆண்டு நிகழ்ந்த இச்செய்தியைக் கோயில் மதிலிலுள்ள கல்வெட்டின் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் தெரிவிக்கின்றன. நம்பெருமாள் அரங்கத்தை விட்டு நீங்கி நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

குருபரம்பரை நூல்கள், தேசிகர் திருவரங்கம் திரும்பி இந்நன்னாளைக் கண்குளிரக் கண்டார் என்றும், கல்வெட்டிலுள்ள சுலோகங்கள் அவர் வாக்கே என்றும் கூறும். அவர் திருநாடு அடைந்த ஆண்டாக மரபு குறிப்பது சௌமிய வருஷம் கார்த்திகை, அதாவது 1369. கல்வெட்டின் ஆண்டோ 1371. இரண்டும் ஒத்து வரவில்லை. கணக்கைத் தீர்ப்பது அறிஞர் பணி. எனினும் இவ்வேறுபாடு நம் சிந்தனைக்கு ஒன்றைத் தருகிறது. அரங்கன் மீண்டும் எழுந்தருளியதை அவர் கண்ணால் கண்டிருந்தால் மகிழ்ச்சி. காணாமலே கண் மூடியிருந்தாலும் அவர் நம்பிக்கை பொய்த்ததாகாது. ஏனெனில் கண்ட பின் நம்புவது எவர்க்கும் எளிது; அவர் நம்பியது காணாத காலத்தில், ஏறத்தாழ அரை நூற்றாண்டு. இறைவன் தன் சொல்லைக் காத்தான். ஆனால் தன் காலத்தில் காத்தான். தேசிகர் அந்தக் காலத்தைத் தம் பணியால் நிரப்பினார்.

பழைய படையெடுப்புகளை இங்கு எழுதியது எச்சமயத்தாரையும் பழிப்பதற்கு அன்று. அரசர்கள் நாடும் பொருளும் விரும்பிப் போர் செய்தார்கள். அவர்களின் கோட்டைகளும் இன்று பாழாய்க் கிடக்கின்றன. திருவரங்கமே இதற்கு நல்ல வழி காட்டுகிறது. நம்பெருமாள்மீது கொண்ட அன்பால் தில்லியிலிருந்து அவரைத் தேடி வந்ததாகச் சொல்லப்படும் சுல்தானின் மகளுக்கு அக்கோயிலில் துலுக்க நாச்சியார் என்று சந்நிதி அமைத்துப் போற்றுகிறார்கள். அவளை முன்னிட்டுப் பெருமாளுக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன. தில்லி என்றாலே நடுங்கிய ஊர், தில்லியின் மகளைத் தன் நாச்சியார்களுள் ஒருத்தியாக ஏற்றுக்கொண்டது. நாள்தோறும் ரொட்டி சுடும் நம் வீட்டுப் பெண்மணிகள் இதனை நினைந்து மகிழலாம்.

ஊரையும் உறவையும் விட்டு இக்காலனிகளில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் சோர்வு உண்டு. மாற்றல் உத்தரவு வருகிறது. முதிய பெற்றோர் தொலைவில் நோயுறுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் எண்ணியபடி அமைவதில்லை. வேண்டியது உடனே கிட்டாதபோது, வேண்டுதல் கேட்கப்படவில்லையோ என மனம் வாடுகிறது. அத்தகைய நாட்களில் ஒரு சுவடியையும் இரு சிறுவர்களையும் அணைத்துக்கொண்டு இருளில் கிடந்த பெரியவரை நினைத்துக்கொள்வோம். அவர் கையில் அன்று கோயில் இல்லை, வீடு இல்லை. காக்க வேண்டிய பொறுப்பு ஒன்றும், காப்பவன் ஒருவன் உண்டு என்னும் துணிவும் மட்டுமே இருந்தன. நம் கையிலும் காக்க வேண்டிய ஏதோ ஒன்றை இறைவன் ஒப்புவித்தே இருக்கிறான்: ஒரு குழந்தை, ஒரு முதியவர், ஒரு கடமை, நம் தாய்மொழி. அதனைக் கைவிடாது காத்துக்கொண்டு விடியும்வரை இருப்போமாக.

புரட்டாசித் திருவோணம் வரும்போதெல்லாம் தூப்புல் வள்ளலின் திருநாமத்தை நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு எடுத்துரைப்போம். அவர் பற்றி நின்ற பேரருள் நம் குடும்பங்களிலும் நிலைத்து, அச்சமும் சோர்வும் அகன்று, எல்லோரும் இனிது வாழ வேண்டும் என்று வேண்டி அமைகின்றோம்.